கேள்வியை மறைக்காத டைமர்

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைத் தேர்வை நம் பள்ளிகளில் யாரும் முழுப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. என்.எம்.எம்.எஸ். என்றால்தான் தெரியும். மனத்திறன் தாள், படிப்பறிவுத் தாள் என்று இரண்டு தாள்கள். ஒவ்வொன்றிலும் 90 கேள்விகள், 90 நிமிடம். தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் 1,000 ரூபாய், நான்கு ஆண்டுக்கு 48,000 ரூபாய் மாணவர் வங்கிக் கணக்குக்கே வரும். ராஜகுளம் போல ஏரித் தண்ணீரையும் நெல்லையும் கூலி வேலையையும் நம்பியிருக்கும் ஊர்களில், பத்தாவது முடித்த பெண்ணை வேலைக்கு அனுப்புவதா, பதினொன்றில் சேர்ப்பதா என்று வீட்டில் பேச்சு எழும்போது, இந்தப் பணம் பிள்ளையின் பக்கம் நின்று பேசும்.

இந்தத் தேர்வுக்குப் பயிற்சி வீடியோ தயாரிக்கும் ஆசிரியர்களும், ஊரில் மாலைநேர வகுப்பு எடுக்கும் இளைஞர்களும் இன்று நிறைய இருக்கிறார்கள். ஒரு ஸ்லைடில் கேள்வி, மூலையில் இறங்குமுகமாக ஓடும் டைமர், பிறகு விடை. இந்த அத்தியாயம் அந்த டைமரைப் பற்றியது. அதை எப்படிச் செய்வது என்பது அரைமணி நேரத்தில் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை. எத்தனை விநாடி வைப்பது, எங்கே வைப்பது, எவ்வளவு தெரியும்படி வைப்பது என்பதில்தான் ஆசிரியரின் புத்தி வேலை செய்ய வேண்டும்.

முதலில் விநாடியை முடிவு செய்யுங்கள்

யூடியூபில் கிடைக்கும் பயிற்சி வீடியோக்களில் பெரும்பாலும் 10 விநாடி டைமர்தான். டிக் டிக் என்று பின்னணி ஒலி வேறு. பொது அறிவு வினாடி வினாவுக்கு அது பொருந்தலாம். 90 கேள்விக்கு 90 நிமிடம் தரும் தேர்வுக்கு அது தவறான பயிற்சி. கேள்வியைக் கடைசிச் சொல் வரை படிக்குமுன் பூஜ்யம் வந்துவிட்டால், பிள்ளை படிப்பதை விட்டுவிட்டு ஊகிக்கப் பழகிவிடும். படித்து யோசிக்கும் பழக்கத்தைக் கெடுத்துவிட்டு வேகம் கற்றுத்தந்தோம் என்று சொல்லிக்கொள்வதில் பொருளில்லை. தேர்வு ஒரு கேள்விக்குச் சராசரியாகத் தரும் நேரம் 60 விநாடி. உங்கள் டைமரும் 60 விநாடியே ஓடட்டும்.

ஒரு கேள்வியை எடுத்துப் பார்ப்போம். ஏழாம் வகுப்பு சமூக அறிவியலில் பிற்காலச் சோழர் பாடம் இருக்கிறது. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் இருக்கின்றன. பொது ஆண்டு 919, 921ஐச் சேர்ந்தவை. நம் வட்டாரப் பிள்ளைகள் பேருந்தில் போகும்போது பார்க்கிற ஊர். அதிலிருந்து இப்படி ஒரு கேள்வி கேட்கலாம்: ‘குடவோலை முறையில் உறுப்பினராகத் தேர்வு பெற விரும்பியவருக்கு உரிய தகுதி எது? அ. முப்பதுக்குக் குறைந்த வயது. ஆ. முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குக் கீழ் வயது. இ. சொந்த மனையில் வீடு இல்லாமை. ஈ. முந்தைய பொறுப்பில் கணக்குக் காட்டாமை.’ இதை உங்கள் மாணவர் ஒருவரிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். கையில் கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். நான்கு விடைகளையும் படித்து முடிக்கவே எவ்வளவு நேரமாகிறது என்று அப்போது தெரியும். 10 விநாடி எவ்வளவு கொடுமை என்பதும் தெரியும்.

மனத்திறன் தாளில் எண்தொடர், உருவத்தொடர் போன்ற கேள்விகளில் சிலவற்றை 20 விநாடியில் போட்டுவிடலாம். சிலவற்றுக்கு 2 நிமிடம் கூடப் பிடிக்கும். அதனால் முதல் மாதப் பயிற்சியில் கேள்விக்கொரு டைமர், தேர்வு நெருங்கும்போது 10 கேள்விகளுக்குச் சேர்த்து 10 நிமிட டைமர், கடைசியில் முழுத்தாளுக்கு 90 நிமிட டைமர் என்று மாற்றிக்கொண்டு போவது என் பரிந்துரை. எதை விட்டுவிட்டுப் பிறகு வருவது என்று முடிவெடுக்கும் பழக்கம் அப்போதுதான் வரும். கேள்விக்கொரு டைமர் அதைக் கற்றுத்தராது.

டைமருக்கு அடியில் கேள்வி தெரிய வேண்டும்

வீடியோ எடிட்டிங்கில் படங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. கீழ் டிராக்கில் கேள்வி ஸ்லைடு, மேல் டிராக்கில் டைமர். மேலே இருப்பது கீழே இருப்பதை மறைக்கும். மறைக்காமல் இருக்க வேண்டுமானால், டைமர் கிளிப்பில் எண்கள் இருக்கும் இடம் தவிர மற்ற இடமெல்லாம் ஒளிபுகும்படி இருக்க வேண்டும். படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று அளவுகள் இருப்பதுபோல, எவ்வளவு ஒளிபுகும் என்று சொல்லும் நான்காவது அளவு ஒன்று உண்டு. அதைத்தான் ஆல்ஃபா என்கிறார்கள். ஆல்ஃபா 0 என்றால் அந்தப் புள்ளி இல்லாத மாதிரியே. 255 என்றால் அடியில் இருப்பது முழுவதும் மறையும்.

இதற்கு ஷாட்கட் என்ற மென்பொருளை எடுத்துக்கொள்கிறேன். காசு இல்லை, வாட்டர்மார்க் இல்லை, விண்டோஸிலும் மேக்கிலும் லினக்ஸிலும் ஓடும். டாவின்சி ரிசால்வ் இதைவிட வல்லமை உள்ளது, அதன் இலவசப் பதிப்பே நல்லது. ஆனால் அதற்கு நல்ல கிராஃபிக்ஸ் கார்டும் நிறைய ரேமும் வேண்டும். பள்ளி லேப்பிலோ, அரசு கொடுத்த பழைய மடிக்கணினியிலோ அது திணறும். ஷாட்கட்டும் பழைய கணினியில் கொஞ்சம் இழுக்கும். ‘செட்டிங்ஸ்’ மெனுவில் ‘பிரிவியூ ஸ்கேலிங்’ என்பதை 360க்குக் குறைத்துவிட்டால் ஓடிவிடும். வேலை பார்க்கும்போது தெரியும் படம் மட்டும்தான் மங்கும், வெளிவரும் வீடியோ மங்காது. மெனுப் பெயர்கள் திரையில் ஆங்கிலத்தில் இருக்கும். இங்கே ஒலி மாறாமல் தமிழில் எழுதியிருக்கிறேன்.

புது புராஜெக்ட் தொடங்கும்போதே வீடியோ மோடை 1080, விநாடிக்கு 25 ஃப்ரேம் அல்லது 30 ஃப்ரேம் என்று நீங்களே தேர்ந்தெடுங்கள். ‘ஆட்டோமேட்டிக்’ என்று விட்டால் முதலில் போடும் கிளிப்பைப் பார்த்து அதுவே முடிவு செய்துகொள்ளும். கேள்வி ஸ்லைடைப் படமாகச் சேமித்து டைம்லைனில் முதல் டிராக்கில் போட்டு, வலது ஓரத்தைப் பிடித்து ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்து வையுங்கள். அடுத்து ‘டைம்லைன்’ மெனுவிலிருந்து இன்னொரு வீடியோ டிராக் சேருங்கள். ‘ஓப்பன் அதர்’ பட்டனை அழுத்தி ‘கலர்’ எடுங்கள். நிறம் ‘டிரான்ஸ்பரன்ட்’ ஆக இருக்கிறதா என்று பாருங்கள். இந்த வெற்றுக் கிளிப்பை மேல் டிராக்கில் போட்டால் திரையில் ஒரு மாற்றமும் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் சரி.

அந்தக் கிளிப்பைத் தேர்ந்து, ‘ஃபில்டர்ஸ்’ பேனலில் கூட்டல் குறியை அழுத்தி, ‘டைமர்’ என்று தேடிச் சேருங்கள். இதில் ‘ஃபார்மட்’ நிமிடமும் விநாடியும் காட்டுவதாக இருக்கட்டும். ‘டைரக்‌ஷன்’ என்பதை ‘டவுன்’ ஆக்குங்கள். ‘டூரேஷன்’ 60 விநாடி. அதை 0 ஆக விட்டால் ஃபில்டர் முடியும் வரை ஓடும்; பிறகு கிளிப்பை நீட்டினாலோ குறைத்தாலோ எண்ணும் சேர்ந்து மாறிவிடும். அதனால் 60 என்று எழுதிவிடுவதே பாதுகாப்பு.

இப்போது முதல் விநாடியைக் கவனமாக ஓட்டிப் பாருங்கள். பல மென்பொருள்களில் 01:00 என்பது ஒரே ஒரு ஃப்ரேம் மின்னிவிட்டு உடனே 00:59 ஆகிவிடும். முடிவில் 00:00 ஒரு முழு விநாடி நிற்கும். மீதமிருக்கும் 59.96 விநாடியில் பின்னத்தை வெட்டிவிட்டு 59 என்று காட்டுவதால் வருவது இது. கணக்குத் தப்பில்லை, ஆனால் முன் பெஞ்சுப் பையன் ‘சார், ஒரு விநாடி போச்சு’ என்று நிச்சயம் சொல்வான். ‘ஸ்டார்ட் டிலே’ என்ற இடத்தில் 1 விநாடி கொடுத்து, கிளிப்பை 61 விநாடி ஆக்குங்கள். 01:00 ஒரு விநாடி அசையாமல் நின்று பிறகு இறங்கும். பிள்ளைக்கும் ‘இதோ தொடங்குகிறது’ என்று நிமிர்ந்து உட்கார அவகாசம் கிடைக்கும்.

கடைசிப் பத்து விநாடி

நிறம் மாறினால் நல்லது என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஷாட்கட்டின் டைமர் ஃபில்டர் தானாக நிறம் மாற்றாது. இரண்டு கிளிப்பாகச் செய்யலாம். அதற்கு ‘ஆஃப்செட்’ என்ற வசதி இருக்கிறது. டைமர் இறங்கும்போது ஆஃப்செட்டில் கொடுத்த எண்ணில் வந்து நிற்கும். முதல் கிளிப்பில் டூரேஷன் 50, ஆஃப்செட் 10 என்று கொடுத்தால் அது 01:00இலிருந்து 00:10 வரை இறங்கும். இதற்கு ஸ்டார்ட் டிலே 1 விநாடி, கிளிப் நீளம் 51 விநாடி. அதை ஒட்டி இரண்டாவது கிளிப்: டூரேஷன் 10, ஆஃப்செட் 0, நீளம் 10 விநாடி, வேறு நிறம். எழுத்துரு, அளவு, இடம் மூன்றும் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் கிளிப்பின் ஃபில்டரைக் காப்பி செய்து இரண்டாவதில் ஒட்டிவிட்டு, மாற்ற வேண்டியதை மட்டும் மாற்றினால் எண்கள் இடம் பெயராது.

நிறம் மாறும்போது சிவப்பைத் தேடி ஓடாதீர்கள். கறுப்புப் பெட்டியின்மேல் சிவப்பு எண் புரொஜெக்டரில் சேறாகத் தெரியும். ஜன்னல் வெளிச்சம் உள்ள வகுப்பறையில் தெரியவே தெரியாது. சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத பிள்ளைகளும் வகுப்பில் இருப்பார்கள், குறிப்பாகப் பையன்களில். வெள்ளையிலிருந்து அடர் மஞ்சளுக்கு மாற்றுங்கள், போதும். ஒலி வேண்டுமானால் பத்தாவது விநாடியில் ஒரே ஒரு மெல்லிய மணி. விநாடிக்கு விநாடி டிக் டிக் வேண்டாம். யோசிக்கும் பிள்ளையின் காதில் அது விழுந்துகொண்டே இருக்கும். தேர்வறையில் அப்படி ஒரு ஒலி இருக்கப்போவதில்லை.

எங்கே, எவ்வளவு பெரிதாக

கீழ்ப்பகுதியில் வைக்காதீர்கள். போனில் தட்டினால் அங்கேதான் வீடியோ ஓடும் பட்டை வரும், சப்டைட்டில் வரும். வலது மேல் மூலை நல்லது: தமிழ் இடமிருந்து வலமாகப் படிக்கப்படுவதால் கேள்வியின் முதல் வரி தொடங்கும் இடத்தில் டைமர் மோதாது. ஓரத்தோடு ஒட்டாமல், அகலத்திலும் உயரத்திலும் 5 சதவீதம் உள்ளே தள்ளி வையுங்கள். பழைய டிவிகளும் சில புரொஜெக்டர்களும் ஓரத்தை வெட்டிவிடும்.

எண்ணின் உயரம் திரை உயரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது 1080இல் சுமார் 90 பிக்சல். படுக்கவைத்த போனின் திரை உயரம் ஏறக்குறைய 7 செ.மீ. என்றால் எண் 6 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். கேள்வியைப் படிக்கும்போதே ஓரக்கண்ணில் தெரியும். அதைவிடப் பெரிதாக்கினால் கண் டைமரிலேயே போய் ஒட்டிக்கொள்ளும்.

இனி ஒளிபுகும் தன்மை. வெள்ளை எண்ணை மட்டும் வைத்தால் வெள்ளை ஸ்லைடின்மேல் காணாமல் போகும். அதனால் எண்ணுக்குப் பின்னால் கறுப்புப் பெட்டி ஒன்று வேண்டும். டைமர் ஃபில்டரில் ‘பேக்கிரவுண்ட்’ நிறத்தைக் கறுப்பாக்கி, ஆல்ஃபாவை 150 ஆக்குங்கள். அது ஏறக்குறைய 60 சதவீதம்: பெட்டி தெரியும், அடியில் இருக்கும் படத்தின் கோடும் தெரியும். எண்ணின் ஆல்ஃபாவைக் குறைக்காதீர்கள். அது 255 ஆகவே இருக்கட்டும். டைமர் முழுவதையும் ‘ஒபாசிட்டி’ ஃபில்டரால் மங்கவைப்பது பலர் செய்வது. எண்ணும் பெட்டியும் ஒன்றாக மங்கி, இரண்டுமே படிக்க முடியாமல் போகும். மங்க வேண்டியது பெட்டி மட்டும்.

எழுத்துருவில் ஒரு நுணுக்கம். பல எழுத்துருக்களில் 1 என்ற எண் ஒல்லி, 8 அகலம். 00:12இலிருந்து 00:11க்கும் பிறகு 00:10க்கும் போகும்போது எண்கள் இடமும் வலமுமாக ஆடும். அறுபது விநாடி அது ஆடிக்கொண்டே இருந்தால் கண்ணுக்குத் தொல்லை. எல்லா எண்ணுக்கும் ஒரே அகலம் உள்ள எழுத்துரு எடுங்கள்: டெஜாவு சான்ஸ் மோனோ, நோட்டோ சான்ஸ் மோனோ, ரோபோட்டோ மோனோ, எதுவானாலும் சரி. எல்லாம் இலவசம்.

கேள்வி ஸ்லைடு விஷயத்தில் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. பள்ளியில் கேள்வித்தாள் பாமினியிலோ வானவில்லிலோ தட்டச்சு செய்யப்பட்டிருக்கும். அதை அப்படியே எடிட்டிங் மென்பொருளில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்து வரும். தமிழ்நாடு அரசு 2010இலேயே ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. பழைய கோப்புகள்தான் இன்னும் மாறவில்லை. என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற கருவியில் போட்டு ஒருங்குறிக்கு மாற்றிவிட்டு, ஒற்றைக்கொம்பு இரட்டைக்கொம்பு சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை படித்துப் பாருங்கள்.

90 நிமிட டைமரும் நழுவும் விநாடியும்

முழுத்தாளுக்கான டைமரில் ‘ஃபார்மட்’ மணி, நிமிடம், விநாடி காட்டுவதாக இருக்க வேண்டும். டூரேஷன் 1 மணி 30 நிமிடம். இங்கே ஃப்ரேம் எண்ணிக்கை தொந்தரவு தரும். விநாடிக்கு 30 ஃப்ரேம் என்று எண்ணிச் செய்த டைமரை 29.97 ஃப்ரேம் வீடியோவில் போட்டால் ஆயிரத்தில் ஒரு பங்கு நழுவும். ஒரு மணிக்கு 3.6 விநாடி, 90 நிமிடத்துக்கு 5.4 விநாடி. பெரிய தொகை இல்லைதான். ஆனால் தேர்வுக் கடிகாரம் என்று சொல்லிப் பிள்ளை முன்னால் வைப்பது சரியாக இருக்க வேண்டும். ஷாட்கட்டின் டைமர் ஃபில்டரை அதே புராஜெக்டில் பயன்படுத்தினால் இந்தச் சிக்கல் வராது. வேறு இடத்திலிருந்து இறக்கிய டைமர் வீடியோவைப் பயன்படுத்தும்போதுதான் வரும். போனில் எடுத்த வீடியோ கிளிப்புகளும் சீரான ஃப்ரேம் வேகத்தில் இருப்பதில்லை. ஷாட்கட் அதைக் கண்டுபிடித்து ‘கன்வர்ட்’ செய்யவா என்று கேட்கும். ‘ஆம்’ என்று சொல்லுங்கள்.

மற்றவருக்கும் பயன்படும் கிளிப்பாக

ஒருமுறை செய்த டைமரை வேறு மென்பொருளிலும் பயன்படுத்த வேண்டுமானால், ஒளிபுகும் தன்மையோடு சேமிக்க வேண்டும். இங்கேதான் அதிகம் பேர் ஏமாந்துபோகிறார்கள். நாம் வழக்கமாக எடுக்கும் எம்பி4 கோப்பு, ஹெச்.264 முறையில் சேமிப்பது, ஆல்ஃபாவை வைத்துக்கொள்ளாது. ஒளிபுக வேண்டிய இடமெல்லாம் கறுப்பாகிவிடும். புது புராஜெக்டில் டைமர் கிளிப்பை மட்டும் போட்டு, ‘எக்ஸ்போர்ட்’ பட்டியலில் ‘ஆல்ஃபா’ என்ற பிரிவைத் திறந்து, ‘குயிக்டைம் அனிமேஷன்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். எம்ஓவி கோப்பு வரும். கனமாக இருக்கும், பரவாயில்லை. அது வேலைக்கான கோப்பு, போனில் அனுப்புவதற்கில்லை.

கணினியே இல்லாமல் போனில் கைன்மாஸ்டர் வைத்து எடிட் செய்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த எம்ஓவி உதவாமல் போகலாம். பச்சைப் பின்னணியில் டைமரை எம்பி4 ஆக எடுத்துக் கொடுத்தால், லேயராகப் போட்டுக் ‘குரோமா கீ’யில் பச்சையை நீக்கிக்கொள்வார்கள். ஆனால் பாதி ஒளிபுகும் கறுப்புப் பெட்டி அங்கே வேலைக்கு ஆகாது: பெட்டி வழியாகத் தெரியும் பச்சை கரும்பச்சையாகி, சரியாக நீங்காமல் பாசி பிடித்த மாதிரி நிற்கும். பச்சைப் பின்னணிக்குப் பெட்டியை முழுக் கறுப்பாகவே வையுங்கள்.

முடிந்த பயிற்சி வீடியோவை வாட்ஸ்அப் குழுவில் அனுப்பும்போது, வீடியோவாக அனுப்பாமல் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள். வீடியோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதை நசுக்கிச் சிறிதாக்கும்; ஒல்லியான தமிழ் எழுத்தின் புள்ளியும் சுழியும் முதலில் போகும். அசையாத ஸ்லைடுகள் என்பதால் 720 அளவில் எடுத்தாலே தெளிவாக இருக்கும், கோப்பும் சிறிதாக இருக்கும். சாயங்காலம் அம்மா வேலை முடிந்து வந்தபின் அவர் போனில்தான் பிள்ளை பார்க்கும். அன்றைய டேட்டாவில் மிச்சம் இருப்பதற்குள் அது இறங்க வேண்டும்.

புராஜெக்ட் கோப்பை அழிக்காதீர்கள். அடுத்த வாரம் கேள்விப் படத்தை மட்டும் மாற்றினால் போதும். டைமர் அப்படியே இருக்கும். நீங்கள் செய்த எம்ஓவி டைமரை ஒரு பென்டிரைவில் போட்டுப் பக்கத்துப் பள்ளி ஆசிரியருக்கும் கொடுங்கள். ஒரு வட்டாரத்தில் ஒருவர் 60 விநாடி டைமரை ஒழுங்காகச் செய்து வைத்தால், மற்றவர்கள் அந்த நேரத்தில் நல்ல கேள்விகள் எழுதலாம்.